வெள்ளியும் மேகமும்

1

1839-ல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக, படத்தைப் பாதுகாத்து வைப்பதும் அதைப் பிறர் கையில் கொடுப்பதும் இரு வேறு காரியங்களாகவே இருந்துவந்தன. நெகடிவ் ஓரிடத்தில் இருந்தது. பிரதி வேறிடத்துக்குப் போயிற்று. கடந்த இருபது வருஷங்களில் இவ்விரண்டும் ஒரே பொத்தானில் வந்து சேர்ந்துவிட்டன. படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டால் அது பத்திரமாகவும் இருக்கும், நாலு பேர் பார்த்ததாகவும் ஆகும் என்ற நம்பிக்கை புதிதாகக் காமிரா பிடிப்பவர்களிடம் பரவலாக இருக்கிறது. இந்த நம்பிக்கையைச் சரித்திரத்தை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. நான் இருப்பது செவ்வாய்ப்பேட்டை. ஆகவே முடிந்த மட்டும் சேலத்தை ஒட்டிய உதாரணங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

ஆடி மாத மாரியம்மன் விழாவில் குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை நடக்கிறது. கடவுள் வேஷம் போட்டவர்கள் அலங்கரித்த வண்டிகளில் வலம் வருகிறார்கள். அன்றிரவு எடுக்கப்படும் படங்களுக்குக் கணக்கே இல்லை. விடிவதற்குள் அவை இணையத்துக்குப் போய்விடுகின்றன. காமிராவின் கார்டு அடுத்த விழாவுக்காகத் துடைக்கப்படுகிறது. ஐம்பது வருஷம் கழித்து இந்த விழாவைத் தெரிந்துகொள்ள வருபவனுக்கு இவற்றில் எத்தனை மிஞ்சும்? மிஞ்சுவதை அவன் அடையாளம் கண்டுகொள்ள முடியுமா? ஒரு ஊரின் ஞாபகம் யார் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது என்ற பிரச்னை இது. தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மட்டும் பேசி முடித்துவிடக்கூடியது என்று நான் நினைக்கவில்லை.

2

சேலம் ஜில்லாவின் பெயரைத் தாங்கிய ஆரம்பகாலப் புகைப்படத் தொகுப்பு ஒன்று 1858-ல் வெளிவந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1856-ல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பி, மெழுகு ஏற்றிய காகித நெகடிவ்களைச் சுமந்துகொண்டு, நான்கு மாதங்களுக்கு மேல் தெற்கே சுற்றினார். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை என்று தனித்தனித் தொகுப்புகள். அவற்றில் ஒன்று ராயக்கோட்டையையும் சேலம் ஜில்லாவின் பிற இடங்களையும் பற்றியது. ராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று சேலத்தைச் சேர்ந்தது.

ட்ரைப் வேலை செய்தது அரசாங்கத்துக்காக. கோட்டை, மலை, கோபுரம் ஆகியவற்றைக் கணக்கெடுக்கும் கண் அது. மனிதர்கள் அதில் அநேகமாக இல்லை. இருந்தாலும் கோபுரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக நிற்கிறார்கள். இந்தக் குறையைச் சொல்லாமல் அவரைப் பாராட்ட முடியாது. ஆனால் என் விஷயத்துக்கு வேண்டியது வேறு. அவர் படங்களுக்கு எண் உண்டு, தலைப்பு உண்டு, இடத்தின் பெயர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை வரிசையாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். படிப்பதற்காகவே எடுக்கப்பட்ட படம் அது.

1860-ல் இந்த ஏற்பாடு முடிந்துபோயிற்று. அரசு செலவழித்துச் செய்வதற்கு இது ஆடம்பரம் என்று அப்போதைய கவர்னர் ட்ரெவெல்யன் கருதினார். வேலை நின்றாலும் படங்கள் நிற்கவில்லை. பிரதிகள் ஏற்கெனவே சென்னையிலும் லண்டனிலும் பல கைகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்திலும் இன்று இருப்பவை அப்படிப் போனவையே. 2014-லிலும் 2015-லிலும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் மூன்று நகரங்களில் ட்ரைப்பின் படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. ஆதரித்த அரசே கைவிட்ட பிறகும் படம் பிழைத்ததற்குக் காரணம், அது பெயரோடு பலரிடம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதுதான்.

3

ட்ரைப்புக்கு அகப்படாத மனித முகங்கள் அடுத்த தலைமுறைகளில் ஸ்டூடியோக்களில் பதிவாயின. திரைச்சீலை, மர நாற்காலி, பூச்செண்டு வைத்த முக்காலி. கல்யாணத் தம்பதி, பட்டம் வாங்கியவர், மொட்டையடித்த குழந்தை. ஸ்டூடியோக்காரரின் நடைமுறையில் வைத்திருத்தலும் கொடுத்தலும் தெளிவாகப் பிரிந்திருந்தன. பிரதி வீட்டுக்கு, நெகடிவ் கடைக்கு. மறுபடி பிரதி வேண்டுமானால் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடை இருந்தவரை இது ஒழுங்காக நடந்தது. கடை மூடியபோது என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்குச் செவ்வாய்ப்பேட்டை பொருத்தமான இடம். இது வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் ஊர். தராசில் வெள்ளித் துகளைக்கூட வீணாக்காத தொழில். கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் தாளிலும் பிம்பமாக நிற்பது வெள்ளிதான். பிலிமைக் கழுவிய ஹைப்போக் கரைசலிலிருந்து வெள்ளியை மீட்கலாம். பழைய பிலிமிலிருந்தும் எக்ஸ்ரே தகட்டிலிருந்தும் மீட்கலாம். பிம்பத்துக்கு ஆள் இல்லாமல் போனதும் அந்த உலோகத்துக்கு ஆள் வந்தார்கள். உருக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது. வேறு மதிப்பு ஒன்று இருப்பதாக அவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை.

சினிமாவிலும் இதே கதை. 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த ஊர் சேலம். பிலிம் என்ற பொருளை நன்றாக அறிந்த ஊர். ஆனால் தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் அநேகமாக எதுவுமே மிஞ்சவில்லை. நடராஜ முதலியாரின் ‘கீசகவதம்’ இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 1931-ன் ‘காளிதாஸ்’ இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டதே 1964-ல்தான். அதற்குள் ஓடி முடிந்த பிரதிகள் பல, தாமாக மக்கியும் தீப்பிடித்தும் போயின. மற்றவை வெள்ளிக்காகக் கரைக்கப்பட்டன.

நம் பழைய படங்களின் அழிவுக்கு அவற்றில் வெள்ளி இருந்தது ஒரு காரணம். இன்றைய படத்தில் வெள்ளி இல்லை. உருக்கினால் கிடைக்க ஒன்றுமே இல்லை. அதனாலேயே இப்போது அது அழிவது யாருக்கும் தெரிவதில்லை. பெட்டி பெட்டியாக நெகடிவ் வெளியேறினால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். பத்தாயிரம் டிஜிட்டல் படங்கள் அழியும்போது பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடச் சத்தம் கேட்பதில்லை.

4

டிஜிட்டல் காமிராவின் முதல் மாதிரியை 1975-ல் கோடக் கம்பெனியின் ஸ்டீவன் சாசன் செய்தார். ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அந்தக் கம்பெனியே 2012-ல் திவாலா மனு கொடுத்தது. இணையத்தில் அது நடத்திவந்த ஆல்பச் சேவையும் அவ்வருஷமே மூடப்பட்டது. புகைப்படம் என்றாலே கோடக் என்று ஒரு நூற்றாண்டு சொல்லிவந்த பெயருக்கே இந்தக் கதி. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

2004-ல் கனடாவில் தொடங்கிய ஃப்ளிக்கர், புதிதாகக் கற்பவனுக்கு உண்மையிலேயே ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. ஒளியைப் பற்றியும் சட்டகத்தைப் பற்றியும் முகம் தெரியாதவர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். ‘தமிழில் புகைப்படக் கலை’ என்ற பெயரில் 2007 முதல் ஒரு சிறு குழு இணையத்தில் மாதாமாதம் போட்டி வைத்து, காமிராவின் துவாரத்தையும் வேகத்தையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்தது. ஜனரஞ்சகப் பத்திரிகைகள் அட்டைப்படத்துக்கு அப்பால் புகைப்படத்தைக் கண்டுகொள்ளாத சூழலில், இந்தக் காரியத்தைச் சிறுபத்திரிகை இயக்கத்தின் காரியத்தோடு ஒப்பிடலாம். இணையத்தின் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். கொடுத்தல் என்ற அளவில் அது செய்திருப்பது பெரிது. வைத்திருத்தல் என்ற அளவில்தான் சங்கடம்.

ஃப்ளிக்கரை 2005-ல் யாஹூ வாங்கியது. 2013-ல் ஒவ்வொருவருக்கும் ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றார்கள். 2018-ல் அது ஸ்மக்மக் என்ற கம்பெனிக்குக் கைமாறியது. அந்த நவம்பரிலேயே, இலவசக் கணக்கில் இனி 1,000 படங்கள்தான், மீறியவை பழையதிலிருந்து தொடங்கி நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பழையதிலிருந்து! எந்தக் காப்பகமும் எதை முதலில் காப்பாற்றுமோ அதை முதலில் அழிக்கும் விதி. பிக்காஸாவின் கதவு 2016-ல் மூடப்பட்டது. நம் கல்லூரிப் பிள்ளைகள் முதன்முதலில் ஆல்பம் போட்ட ஆர்குட் 2014 செப்டம்பரில் முடிந்தது. மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது பன்னிரண்டு வருஷத்துப் பாட்டுகளும் படங்களும் போய்விட்டதாக 2019-ல் ஒப்புக்கொண்டது. கூகுள் போட்டோஸ் 2015-ல் எல்லையற்ற இலவச இடம் என்று தொடங்கியது. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து எல்லை 15 ஜிபி.

இவற்றை மோசடி என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் வியாபார விதிப்படி நடந்திருக்கிறது. நாம்தான் கடையைக் காப்பகம் என்று எண்ணிக்கொண்டோம்.

வங்கிக் குமாஸ்தா என்பதால் ஓர் ஒப்பீடு எனக்குத் தவிர்க்க முடியாததாகிறது. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கிலுள்ள பணம், 2014-ல் வந்த திட்டப்படி, ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றப்படுகிறது. மாற்றிய பிறகும் டெபாசிட்தாரரோ வாரிசோ உரிய சான்றோடு வந்து கேட்டால் வங்கி கொடுத்தாக வேண்டும். இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தைத் தேடிப் பார்ப்பதற்கு ‘உத்கம்’ என்ற இணையவாசலை 2023-ல் ரிசர்வ் வங்கி திறந்தது. அதே 2023-ல் கூகுள் ஒரு விதியை அறிவித்தது: இரண்டு வருஷம் உபயோகிக்காத தனிநபர் கணக்கை, உள்ளே இருக்கும் கடிதங்கள், படங்கள் சகிதம் நீக்கலாம். முன்கூட்டி எச்சரிக்கை அனுப்புகிறார்கள். தனக்குப் பின் யாரிடம் சேர்க்க வேண்டும் என்று குறித்துவைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் கணக்குக்காரர் இறந்துபோய், பாஸ்வேர்டு தெரிந்தவர் எவரும் இல்லாத வீட்டில் அந்த எச்சரிக்கையைப் படிப்பது யார்? ஐந்நூறு ரூபாய்க்கு இந்த நாட்டில் இருக்கும் பாதுகாப்பு ஒரு குடும்பத்தின் முப்பது வருஷ முகங்களுக்கு இல்லை. பணத்தைப் பொறுத்தவரை வைத்திருப்பவனின் கடமை என்ன என்று சமூகம் யோசித்துச் சட்டம் செய்திருக்கிறது. படத்தைப் பொறுத்தவரை இன்னும் யோசிக்கவே தொடங்கவில்லை.

5

ஃப்ளிக்கரின் அந்த 2018 அறிவிப்பில் ஒரு விலக்கு இருந்தது. பிறர் எடுத்து உபயோகிக்கலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அதற்குமுன் பொதுவுக்குக் கொடுக்கப்பட்ட படங்கள் நீக்கப்படமாட்டா. 2019 மார்ச்சில் இனி வரப்போகும் படங்களுக்கும் இதை நீட்டித்தார்கள். ‘என்னுடையது’ என்று பூட்டி வைத்தவனின் பழைய படங்கள் பட்டியலில் ஏறின. ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கொடுத்தவனுடையவை தப்பின. ட்ரைப்பின் பிரதிகளுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருக்கிறது.

தமிழில் இதன் அர்த்தத்தைப் புரிந்து செயல்பட்டவர்கள் தமிழ் விக்கிப்பீடியர்கள். 2011 நவம்பரிலிருந்து 2012 பிப்ரவரி வரை ஓர் ஊடகப் போட்டி நடத்தி, தமிழர் வாழ்க்கையைக் காட்டும் படங்களை விக்கிமீடியா காமன்ஸுக்கு வரவழைத்தார்கள். அங்கே படத்தை ஏற்றுபவர் எடுத்தவர் யார், எப்போது எடுத்தது, படத்தில் என்ன இருக்கிறது, எந்த உரிமம் என்பதையெல்லாம் எழுத வேண்டும். புதிதாகக் கற்பவனுக்கு இது அலுப்பாக இருக்கும். ஆனால் படம் ஆவணமாக மாறுவது அந்த அலுப்பில்தான்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. சேலம் ராமசாமி முதலியார் 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது உ.வே. சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, தம்மிடமிருந்த பிரதியையும் கொடுத்தார். 1887-ல் அது அச்சில் வந்தது. முதலியார் அதைத் தம் பெட்டியிலேயே மிகப் பத்திரமாக வைத்திருந்தாரென்றால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. இன்று அவரை நினைத்துக்கொள்ளவும் காரணம் இருந்திராது. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1970-ல் நின்றது. அதன் இதழ்கள் இன்று படிக்கக் கிடைப்பது, வாங்கியவர்கள் பைண்டு செய்து வைத்திருந்ததால்.

6

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும். இரண்டும் நியாயமானவை.

முதலாவது, எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொடுத்துவிட முடியுமா? முடியாது, கூடாது. பொது உரிமத்தில் கொடுத்த படத்தை விளம்பரக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பெண்களின் முகத்தை வெட்டி ஒட்டி அசிங்கப்படுத்துவது சுலபமாகிவிட்ட காலம் இது. விழாவையும் தெருவையும் கோயிலையும் பொதுவுக்குக் கொடுக்கலாம். குடும்பப் படத்துக்கு உலகம் வேண்டியதில்லை. இரண்டு உறவினர் வீடுகள் போதும். பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் சொல்லும் கணக்கு எளிமையானது: மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி டிஸ்கில் ஒன்று, தங்கை வீட்டிலோ இணையத்திலோ ஒன்று. இணையம் மூன்றில் ஒன்றாக இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன்.

இரண்டாவது, கம்பெனியை நம்ப வேண்டாமென்றால் நிறுவனங்களை நம்பலாமா? புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடி டிஜிட்டல் வடிவில் சேமித்தது. உருக்கப்படாமல் எஞ்சியவற்றுக்குக் கிடைத்த மறுவாழ்வு அது. அதே பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி, அதன் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. லண்டனில் எரியும் என்று யாழ்ப்பாணத்துக்காரன் 1981-ல் நினைத்திருக்கமாட்டான். அன்று எரிந்தது அவனுடைய நூலகம். தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 2005-ல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் தளத்தை அந்தத் தீயை மறந்துவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. ஆக, எந்த ஒரு கூரையும் போதாது. அது கம்பெனியின் கூரையானாலும் சரி, நூலகத்தின் கூரையானாலும் சரி.

எண்ணிக்கையும் ஒரு ஆபத்துதான். எல்லாவற்றையும் வைத்திருப்பவன் எதையும் வைத்திருப்பதில்லை என்று விமர்சகனாக எனக்குப் படுகிறது. ஒரே வண்டியின் முந்நூறு படங்களில் இருபதைத் தேர்ந்தெடுப்பவன்தான் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறான். எடுத்ததையெல்லாம் ஏற்றுபவன் தேர்வை மெஷினிடம் விட்டுவிடுகிறான். மதிப்பீட்டைக் கைவிட்ட இடத்தில் ஞாபகம் என்று ஒன்று உருவாவதில்லை.

கடைசியாகக் குறிப்பு. காமிரா தானாகப் படத்துக்குள் தேதியையும் நேரத்தையும் எழுதிவைக்கிறது. வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப்போவதோடு இந்தத் தகவலும் உதிர்ந்துவிடுகிறது. நிற்பவர் யார் என்பதை எந்தக் காமிராவும் எழுதுவதில்லை. பாரதியின் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரா.அ. பத்மநாபன் வருஷக்கணக்கில் அலைந்து சேகரித்து 1957-ல் ‘சித்திர பாரதி’யைக் கொண்டுவந்தார். உடன் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று விசாரித்து நிச்சயித்ததுதான் அவர் உழைப்பின் பெரும் பகுதி. விரல்விட்டு எண்ணக்கூடிய படங்களுக்கு ஒரு மனிதரின் இத்தனை காலம் தேவைப்பட்டது. ‘டி.எஸ்.சி. 0417’ என்று பெயரிட்ட கோடிக்கணக்கான படங்களுக்கு எத்தனை பத்மநாபன்கள் வருவார்கள்?

நம் வட்டத்திலேயே பாருங்கள். மறைந்த எழுத்தாளர்களுக்கு அஞ்சலி போடும்போது அச்சாவது பெரும்பாலும் திரும்பத் திரும்ப அதே ஒரு படம். எடுத்தவர் பெயர் இராது, வருஷம் இராது. பக்கத்தில் நின்றவரை வெட்டியெடுத்திருப்பார்கள். வெட்டப்பட்டவரும் ஒரு கவிஞராக இருந்திருக்கலாம். கூட்டம் முடிந்ததும் வாசலில் நின்று எடுத்துக்கொள்ளும் படத்தை இனி அனுப்பும் நண்பர்கள், எடுத்தவர் பெயரையும் ஊரையும் தேதியையும், நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாகவும் எழுதி, குறைந்தது மூன்று பேருக்கு அனுப்பி வைக்க வேண்டும்.